சிறு கருவிகளும் இணையமும்: ஒரு கணக்குப் பாடம்



வழக்கமாக இப்பக்கத்தில் வருமானவரி, வீட்டுக்கடன், ஓய்வூதியம் என்று எழுதி வருகிறோம். இம்முறை ஒரு வெப்பமானியைப் பற்றி எழுதப் போகிறோம். கணக்காளருக்கு வெப்பமானியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை தானாகத் தேடி வந்தது.

கிழக்கு இலண்டனில் நாம் கணக்குப் பார்க்கும் பலசரக்குக் கடை ஒன்று உண்டு. பின்னறையில் இரண்டு பெரிய பிறீசர்கள். அறக்குளா, விளைமீன், இறால், துருவிய தேங்காய்ப்பூ, முருங்கைக்காய் என்று கடையின் பாதி முதல் அதற்குள்தான் உறைந்து கிடக்கும். கடைக்காரர் 2019ஆம் ஆண்டு இரண்டு பிறீசர்களுக்கும் வைபை வெப்பமானி வாங்கிப் பொருத்தினார். ஒன்று 35 பவுண். உள்ளே குளிர் குறைந்தால் கைத்தொலைபேசிக்குச் செய்தி வரும். இரண்டு தடவை வந்தும் இருக்கிறது. ஒரு தடவை பையன் கதவைச் சரியாக மூடவில்லை, மறு தடவை பிளக் கழன்றிருந்தது. அதன்பின் அவருக்கு அக்கருவியில் முழு நம்பிக்கை.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், தேர்த்திருவிழாவுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டினார். திங்கட்கிழமை காலை திறந்தபோது தரையெல்லாம் தண்ணீர். ஒரு பிறீசரின் கொம்பிரசர் நின்றுபோய் நெடுநேரம் ஆகியிருந்தது. தொலைபேசியில் ஒரு செய்தியும் இல்லை. ஏறத்தாழ 1,900 பவுண் சாமான் குப்பைக்குப் போயிற்று.

“தம்பி, மிசின் பழுதானதுக்கு நான் கவலைப்படேல்லை. அது சொல்லாமல் விட்டதுதான் எனக்கு விளங்கேல்லை” என்றார். “அண்ணை, அந்தப் பெட்டியையும் அதோட வந்த கடதாசிகளையும் கொண்டு வாங்கோ” என்றோம்.

வெப்பமானி பழுதாகவில்லை. மின்கலமும் நல்ல நிலையில் இருந்தது. அதை விற்ற கொம்பனி மூன்று மாதத்துக்கு முன்பே அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. அறிவித்தல் மின்னஞ்சலில் வந்திருக்கிறது. ஆனால் கருவியைப் பதிவு செய்தவன் முன்பு கடையில் வேலை செய்த பையன். அவனுடைய முகவரிக்கே அது போயிருக்கிறது. இன்னுமொன்று: காப்புறுதிக் கொம்பனி வெப்பநிலைப் பதிவுகளைக் கேட்டது. அந்தப் பதிவுகளும் விற்ற கொம்பனியின் கணனியில்தான் இருந்தன. சேவையோடு அவையும் போய்விட்டன. கடைசியில் நட்டத்தில் பாதிகூடக் கைக்கு வரவில்லை.

அந்த ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது இந்த விடயம் மனதை விட்டுப் போகவில்லை. ஆகவே சில மாதம் இருந்து வாசித்தோம், எம் பிள்ளைகளிடமும் கேட்டறிந்தோம். அறிந்ததை இங்கே பாடமாகத் தருகிறோம்.

முதலில், பெட்டிக்குள் இருப்பது என்ன? வெப்பமானி, சலவை இயந்திரம், வாசல் மணி, மீற்றர் எல்லாவற்றுக்குள்ளும் நகத்தளவு சில்லு ஒன்று இருக்கிறது. அதனை நுண்கட்டுப்படுத்தி என்பர். மேசைக் கணனியைப் போல் பல வேலை செய்யாது. ஒரே வேலையை இரவு பகலாகத் திரும்பத் திரும்பச் செய்யும்: வெப்பத்தை வாசி, எல்லையைத் தாண்டியதா என்று பார், தாண்டினால் மணியடி.

இதன் நினைவாற்றல் எவ்வளவு சிறியது என்பதற்கு நம் வீட்டிலேயே உதாரணம் உண்டு. 2016ஆம் ஆண்டு பி.பி.சி. நிறுவனமும் அதன் பங்காளிகளும் இந்நாட்டில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மைக்ரோபிற் என்ற சிறு கணனித் தட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். பத்து இலட்சம் வரை கொடுப்பதாகத் திட்டம். அந்த முதல் மைக்ரோபிற்றின் வேலை நினைவகம் 16 கிலோபைற். கணனியில் ஒரு தமிழ்க் குறிக்கு வழக்கமாக மூன்று பைற் வேண்டும். நீங்கள் வாசிக்கும் இக்கட்டுரையை முழுதாக அதற்குள் ஏற்ற இடம் போதாது.

இவ்வளவு சிறிய ஒன்றை எப்படி இணையத்தில் சேர்ப்பது என்பது ஒரு காலத்தில் பெரிய கேள்வி. 1990இல் அமெரிக்காவில் ஜோன் றொம்கி என்பவர் ஒரு கண்காட்சியில் பாண் வாட்டும் ரோஸ்ரரை இணையத்தில் சேர்த்துக் காட்டினார். 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணனி ஆய்வுகூடத்தில் மாடி ஏறி வந்து வெறும் கோப்பிப் பாத்திரத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் பாத்திரத்துக்கு நேரே கமரா ஒன்றைப் பூட்டினார்கள். 1993இல் அந்தப் படம் உலகத்துக்கே திறந்துவிடப்பட்டது. 2001 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். அந்தப் பழுதான கோப்பிப் பாத்திரத்தை ஜெர்மன் சஞ்சிகை ஒன்று 3,350 பவுண் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. எம் தொழிலில் இதைப் பெறுமானத் தேய்வுக்கு நேர்மாறு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் ரோஸ்ரருக்கும் கோப்பிக்கும் பின்னால் இருந்து உழைத்தவை முழுக் கணனிகள். சிறு சில்லே நேரடியாக இணையத்தோடு கதைக்க வேண்டுமானால், இணையத்தின் பேச்சு விதிகளை அதற்குள் அடக்க வேண்டும். சுவீடன் நாட்டு அடம் டங்கெல்ஸ் என்பவர் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அந்த விதிகளைச் சில கிலோபைற்றுக்குள் சுருக்கி எழுதி, யாரும் பயன்படுத்தலாம் என்று இலவசமாக விட்டார். கருவி செய்யும் பலர் அதனை எடுத்துக்கொண்டார்கள்.

பின்பு விலை விழுந்தது. 2014இல் சாங்காய் நகரத்து எஸ்பிரெசிவ் என்ற கொம்பனி ஈ.எஸ்.பி. 8266 என்ற சில்லை விட்டது. வைபை வானொலியும் சிறு கணனியும் ஒன்றாக, சில டொலர் விலையில். 2022 ஜூன் மாதம் கேம்பிரிட்ஜின் ராஸ்பெரி பை கொம்பனி பீக்கோ டபிள்யூ என்ற தட்டை ஆறு டொலருக்கு விட்டது. 264 கிலோபைற் நினைவகம், வைபை உட்பட. இன்று எந்தப் பொருளுக்கும் இணையத்தைச் சேர்ப்பதற்கான மூலப்பொருட் செலவு ஒரு கொத்து ரொட்டியின் விலைக்கும் குறைவு. ஆகையால்தான் கெற்றிலிலும் இணையம், பல்துலக்கியிலும் இணையம்.

இனி, அது எப்படிக் கதைக்கிறது என்று பார்ப்போம். இதை விளங்கிக்கொண்டால் கடைக்காரருக்கு நடந்ததும் விளங்கும்.

நம் வீட்டு ரவுட்டரை மாடிக் குடியிருப்பின் முன்கதவு என்று நினையுங்கள். உள்ளே இருப்பவர் எந்நேரமும் வெளியே போகலாம். வெளியார் அழைப்பின்றி உள்ளே வர முடியாது. நீங்கள் கோயிலில் நின்றுகொண்டு தொலைபேசியில் வீட்டு வெப்பமானியைப் பார்க்கிறீர்கள் என்றால், தொலைபேசி வீட்டுக்குள் போய்ப் பார்க்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். அப்படியல்ல. வெப்பமானிதான் வெளியே போய், எங்கோ இருக்கும் கொம்பனியின் கணனியில் தன் கணக்கை எழுதிவிட்டு வருகிறது. உங்கள் தொலைபேசியும் அதே கணனிக்குப் போய் அதை வாசிக்கிறது. இரண்டும் நேரே சந்திப்பதில்லை. நடுவில் நிற்கும் அந்தக் கணனியை வழங்கி என்பர். வழங்கி நின்றால் இரு பக்கமும் உயிரோடு இருந்தாலும் பேச்சு இல்லை.

இப்படி நடுவில் ஒருவரை வைத்துச் சிறு செய்தி பரிமாறும் முறைகளில் பெயர்பெற்றது எம்.கியூ.ரி.ரி. என்பது. 1999இல் இங்கிலாந்தின் அன்டி ஸ்ரான்போர்ட் கிளார்க் என்பவரும் அமெரிக்காவின் ஆர்லன் நிப்பர் என்பவரும் எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிக்க இதனை உருவாக்கினார்கள். செய்மதியில் ஒவ்வொரு பைற்றுக்கும் காசு என்பதால் மிகச் சிக்கனமாக அமைத்தார்கள். இதில் எமக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு, கருவி வழங்கியோடு இணையும்போதே மரணசாதனம் ஒன்றை எழுதிக் கொடுத்து வைக்கலாம் என்பது. ‘என் இணைப்பு திடீரென்று அறுந்தால் இந்தச் செய்தியை இன்னாருக்குச் சொல்’ என்று. கருவி மௌனமானால் வழங்கி அதனை நிறைவேற்றும். அவ்வசதியின் ஆங்கிலப் பெயரின் பொருளும் கடைசி உயில் என்பதுதான். மௌனத்தையும் ஒரு செய்தியாக எடுக்க வேண்டும் என்று அவர்கள் 1999இலேயே நினைத்திருக்கிறார்கள். கடைக்காரரின் வெப்பமானியில் அப்படி ஒன்று இருந்ததோ இல்லையோ, வழங்கியே போனபின் உயிலை வாசிக்க ஆளில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு சிறு கொம்பனி ஆயிரம் வெப்பமானி விற்கிறது, ஒன்றுக்குப் பத்துப் பவுண் இலாபம் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் பவுண் முதலாம் ஆண்டே கைக்கு வந்துவிடும். வழங்கிக்கு வாடகை, தொலைபேசிச் செயலியைப் புதுப்பிக்கும் சம்பளம், பாதுகாப்புக் குறைகளைத் திருத்தும் செலவு ஆகியன மிகக் குறைத்துப் போட்டாலும் ஆண்டுக்கு இரண்டாயிரம் என்று வைப்போம். ஐந்தாம் ஆண்டு முடிவில் இலாபம் பூச்சியம். ஆறாம் ஆண்டு தொடக்கம் பழைய வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் நட்டம். புதிய விற்பனை குறைந்தால் கதவை மூடுவதைத் தவிர வேறு வழி இராது.

உண்மையில் கணக்கியல் விதி இதற்குத் தெளிவாக இருக்கிறது. 2018 முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமம் 15இன்படி, பொருளோடு தொடர்ந்து செய்யும் சேவையையும் தனிக் கடப்பாடாக விற்றால், விலையில் அதற்குரிய பங்கை முற்கூட்டிப் பெற்ற வருமானமாக ஒதுக்கி, சேவை செய்யச் செய்யத்தான் வருமானத்தில் சேர்க்க வேண்டும். ஆனால் ஏட்டில் ஒதுக்குவது வேறு, வங்கியில் அந்தக் காசை வைத்திருப்பது வேறு. இது எத்தனையோ கடைகளின் கணக்கில் நாம் கண்ட விடயம்.

பெரிய கொம்பனியிடம் வாங்கினால் தப்பலாமே என்பீர்கள். கூகுள் குழுமத்தின் நெஸ்ற் நிறுவனம் தான் வாங்கிய றிவோல்வ் என்ற 300 டொலர் வீட்டுக் கருவியின் சேவையை 2016 மே மாதம் நிறுத்தியது. கருவி வெறும் பெட்டியாயிற்று. அதே நெஸ்ற்றின் பழைய வெப்பச்சீராக்கிகளுக்கு, ஐரோப்பாவில் 2014இல் வந்த மாதிரி உட்பட, 2025 ஒக்ரோபர் 25ஆம் திகதியோடு இணையத் தொடர்பு நிறுத்தப்பட்டது. ஆனால் இங்கே ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. அந்தச் சீராக்கியைச் சுவரில் கையால் திருப்பினால் இன்றும் வீடு சூடாகும். இணையம் போனாலும் அடிப்படை வேலை போகவில்லை. றிவோல்வ் அப்படி அமைக்கப்படவில்லை.

இந்த அமைப்பு வேறுபாட்டை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். படிக்கட்டின் கீழோ, வாசல் அலுமாரிக்குள்ளோ கறன்ற் மீற்றர் இருக்கும். ஸ்மார்ட் மீற்றர் என்றால் அதன்மேல் சிறு பெட்டி ஒன்று தனியாகப் பூட்டியிருக்கும். மீற்றர் அலகைக் கணக்கிடும், மேலே உள்ள பெட்டி வெளியுலகோடு கதைக்கும். இலண்டனில் அது கைத்தொலைபேசி அலைவரிசையில் கதைக்கிறது. வட இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வேறு வானொலி முறை. இந்நாட்டில் 3ஜி சேவைகள் அண்மை ஆண்டுகளில் நிறுத்தப்பட்டுவிட்டன, 2ஜியும் 2033க்குள் முடிந்துவிடும். அப்போது மேலே உள்ள பெட்டியை மட்டும் கழற்றி மாற்றினால் போதும், மீற்றர் அப்படியே இருக்கலாம். 4ஜியில் கதைக்கும் பெட்டிகள் வரத் தொடங்கியுள்ளன.

ஆனால் இதே திட்டத்தின் முதல் தலைமுறை மீற்றர்களில் வேறு விதமாக நடந்தது. அவை ஒவ்வொரு விநியோகக் கொம்பனியின் சொந்த ஏற்பாட்டோடு கட்டப்பட்டிருந்தன. மலிவு தேடிக் கொம்பனி மாறியவர்களின் மீற்றர் பல இடங்களில் ஊமையாகிவிட்டது. மறுபடியும் கையால் வாசித்து எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் அவற்றைப் படிப்படியாகத் தேசியப் பொது வலையமைப்பில் சேர்த்தார்கள். உங்களில் பலர் குளிரில் ரோச் லைற் பிடித்து மீற்றர் வாசித்த அனுபவசாலிகள்தான்.

அடுத்தது பாதுகாப்பு. 2016இல் மிராய் என்ற கெடுநிரல் உலகெங்கும் பரவியது. அது பெரிய தந்திரம் எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் எல்லாக் கருவிக்கும் ஒன்றாகப் போட்ட அறுபது சொச்சம் பயனர் பெயர், கடவுச்சொல் சோடிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது, அவ்வளவுதான். கமராக்களும் ரவுட்டர்களும் ஆயிரக்கணக்கில் திறந்துகொண்டன. அந்த ஒக்ரோபர் 21ஆம் திகதி அவற்றைக் கொண்டு நடத்திய தாக்குதலில் ருவிற்றர், நெற்பிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. கமரா வைத்திருந்தவர்களுக்குத் தம் கமரா இதில் பங்கெடுத்தது தெரியவே தெரியாது.

இதன்பின் இந்நாட்டில் சட்டம் வந்தது. 2022இல் நிறைவேறி 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ளது. இணையத்தோடு சேரும் நுகர்வோர் பொருட்களைச் செய்பவர் மூன்று விடயங்களுக்குக் கட்டுப்பட வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் கூடாது. குறை கண்டவர் முறையிட ஒரு தொடர்பு முகவரி வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் ஆகக் குறைந்தது எந்தக் காலம் வரை வரும் என்று அறிவிக்க வேண்டும். மீறினால் தண்டம் ஒரு கோடிப் பவுண் அல்லது உலக வருமானத்தில் நூற்றுக்கு நான்கு, இதில் எது கூடவோ அதுவரை போகலாம். ஸ்மார்ட் மீற்றர் போன்ற சில பொருட்களுக்கு வேறு விதிகள் இருப்பதால் அவை இதில் அடங்கா.

மூன்றாவது விதியை நன்றாக வாசியுங்கள். எத்தனை ஆண்டு என்று சட்டம் சொல்லவில்லை. காலத்தை அறிவி என்றுதான் சொல்கிறது. வழங்கியை எவ்வளவு காலம் ஓட்ட வேண்டும் என்பதும் அதில் இல்லை. எனவே வாங்குமுன் அந்தத் திகதியைத் தேடிப் பார்ப்பது நம் வேலை. 120 பவுண் கமராவுக்கு இன்னும் இரண்டு ஆண்டே திருத்தம் உண்டு என்றால் அதன் விலை ஆண்டுக்கு 60 பவுண். 150 பவுண் கமராவுக்கு ஐந்தாண்டு என்றால் ஆண்டுக்கு 30. எது மலிவு?

இன்னொரு திகதி பெட்டியின் வெளியே எழுதப்படுவதில்லை. கருவியும் வழங்கியும் இரகசியமாகக் கதைக்க, வழங்கி தன்னை யார் என்று காட்டும் டிஜிற்றல் சான்றிதழைக் கொடுக்கும். சான்றிதழை வழங்கிய மேலதிகாரியின் பெயர் கருவிக்குள் ஏற்கெனவே பதிந்திருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் காலாவதி உண்டு. 2021 செப்ரம்பர் 30ஆம் திகதி அப்படி ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல, அதுவரை நம்பிய வழங்கிகளை அன்று நம்ப மறுத்தன. அகதிப் பயணப்பத்திரத்தோடு விமான நிலையத்தில் நின்ற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஆள் அதே ஆள், முகம் அதே முகம், திகதி மட்டும் கடந்துவிட்டது.

வீட்டுக்கு உதவும் சிறு குறிப்புகள் சில. மலிவான வைபை சில்லுகள் பல 2.4 கிகாஹேற்ஸ் அலைவரிசையில் மட்டுமே வேலை செய்யும். புதுக் கருவி சேரவில்லை என்றால் முதலில் அதனைப் பாருங்கள். புரோட்பாண்ட் கொம்பனி மாறும்போது புது ரவுட்டருக்குப் பழைய வைபைப் பெயரையும் கடவுச்சொல்லையுமே கொடுத்தால் கருவிகள் பெரும்பாலும் தாமாகச் சேர்ந்துகொள்ளும். பழைய கடவுச்சொல் பலவீனமானது என்றால் மட்டும் இந்தச் சோம்பல் வேண்டாம். ரவுட்டரில் விருந்தாளி வலையமைப்பு இருந்தால் கமரா, கெற்றில் வகையறாக்களை அதில் விடுங்கள். வங்கி வேலை செய்யும் கணனியோடு அவை ஒரே அறையில் படுக்க வேண்டியதில்லை. கருவியைப் பதிவு செய்யும் மின்னஞ்சல் முகவரி வேலையாளுடையதாகவோ பல்கலைக்கழகம் போகும் மகனுடையதாகவோ இருக்கக்கூடாது. கடை என்றால் கடையின் முகவரி.

கடைக்காரர் அண்ணைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சென்ற ஆண்டு அவருடைய மருமகள், பதினேழு வயது, பள்ளித் திட்டவேலைக்காக ஒரு பீக்கோ டபிள்யூவையும் நீர்புகா வெப்ப உணரியையும் வைத்துப் புதிதாக ஒன்று செய்தாள். சாமான் செலவு முழுவதும் 20 பவுணுக்குள். பிறீசருக்குள் -18 பாகை இருக்க வேண்டும், -12க்கு மேலே ஏறினால் முதலில் கருவியிலேயே பூட்டிய மணி அடிக்கும். இதற்கு இணையம் தேவையில்லை. பதிவுகள் கருவிக்குள் செருகிய நினைவட்டையில் சேரும், காப்புறுதிக்காரர் கேட்டால் அட்டையைக் கழற்றிக் கொடுக்கலாம். அதற்குப் பின்புதான் தொலைபேசிச் செய்தி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று கருவி சொல்ல வேண்டும். அரை மணி நேரம் சொல்லாவிட்டால் அண்ணையின் தொலைபேசியில் உள்ள நிரல் தானே மணியடிக்கும்.

முதல் வாரத்தில் நள்ளிரவில் மூன்று தடவை மணி அடித்தது. மூன்றும் கடை வைபையின் குறை, பிறீசரில் ஒன்றுமில்லை. அண்ணி தொலைபேசியைப் படுக்கையறையிலிருந்து குசினிக்கு மாற்றிவிட்டாராம். ரவுட்டரைப் பின்னறைக்குக் கிட்டக் கொண்டுவந்தபின் அந்தத் தொல்லை இல்லை.

நாம் அந்தக் கருவியைக் கடையின் நிலையான சொத்துப் பதிவேட்டில் எழுதவில்லை. 20 பவுணுக்கு அது வேண்டியதில்லை. ஆனால் ஏட்டின் ஓரத்தில் மருமகளின் பெயரையும், அவள் இவ்வாண்டு செப்ரம்பரில் பல்கலைக்கழகம் போகிறாள் என்பதையும் குறித்து வைத்திருக்கிறோம். அதற்குமுன் நிரலை வேறு ஒருவருக்கு விளக்கிக் கொடுக்க வேண்டும். அண்ணை தன் இரண்டாவது மகனைச் சொல்கிறார். மகன் இன்னும் சம்மதிக்கவில்லை.